நம்ம பூச்சட்டி

என் வீட்டுக்காரருக்கு ஊர்க்காவலன் என்று பெயர் வைத்தவர்கள் என்ன நினைத்து வைத்தார்களோ, மனிதர் ஊரை விட்டுவிட்டு எங்கள் மகளை என் செடிகளிடமிருந்து காப்பாற்றும் வேலையில் இறங்கிவிட்டார். நானோ என் செடிகளை மகளிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தேன். ஒரே வீட்டில் இரண்டு காவல். நடுவில் ஓவியா என்கிற ஒன்றேகால் வயதுத் திருடி இரண்டு பேருக்கும் டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இது நடந்தது 2007இல். சாத்தூரில் இரண்டு அறை வாடகை வீடு. அவருக்குத் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் நானும் பட்டாசுக்காரிதான். பூச்சட்டிப் பிரிவில் இருந்தேன். வெளியூரில் புஸ்வாணம் என்பார்களே, திரியைக் கொளுத்தினால் பூப்பூவாகச் சீறி எழும்புமே, அதுதான் எங்களுக்குப் பூச்சட்டி. அதற்குள் மருந்து அடைக்கிற வேலை. மருந்து என்றால் எங்கள் பக்கத்தில் முதல் அர்த்தம் வெடிக்கிறது, இரண்டாவது அர்த்தம்தான் இருமலுக்குக் குடிக்கிறது.

ஓவியா பிறந்ததும், “புள்ளைக்கு ரெண்டு வயசாகட்டும், அப்புறம் வேலைக்குப் போகலாம்” என்று அவர் சொல்லிவிட்டார். வேலை செய்து பழகிய கை சும்மா இருக்குமா? செடி வளர்க்க ஆரம்பித்தேன். மண்சட்டிகளை வாங்கி அடியில் ஓட்டை போட்டு மணி பிளாண்ட், குரோட்டன்ஸ், கற்றாழை என்று ஒவ்வொன்றாக வைத்தேன். மருந்து அடைத்த கை மண் அடைத்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அதனாலோ என்னவோ, என் வாயில் அவற்றுக்கும் பூச்சட்டி என்றே வந்துவிட்டது.

“தொட்டின்னு சொல்லு தங்கம். வெளியாள் கேட்டா, வீட்டுல சரக்கு பதுக்கி வச்சிருக்கோம்னு நெனைப்பாக” என்று அவர் பதறுவார்.

“பூ வைக்கிற சட்டிக்குப் பூச்சட்டின்னு சொல்லாம வேற என்ன சொல்ல? உங்க கம்பெனிக்காரக அந்தப் பேர வெடிக்கு வச்சா அதுக்கு நானா பொறுப்பு?” என்பேன் நான். அதில் ஒன்றுகூட இதுவரை பூத்ததில்லை என்பது வேறு விஷயம்.

எல்லாவற்றிலும் எனக்குச் செல்லம் பச்சை இலையில் வெள்ளைப் புள்ளி தெளித்த ஒரு செடி. இலை ஒவ்வொன்றும் விசிறி அகலம். பெயர் தெரியாது. தள்ளுவண்டியில் விற்றவருக்கும் தெரியவில்லை. “வீட்டுக்குள்ள வைக்கிற செடிம்மா, வெயில் ஆகாது” என்றார். விருதுநகர் மாவட்டத்தில் வந்து நின்றுகொண்டு வெயில் ஆகாது என்று சொல்கிற ஜீவனைப் பார்த்ததும் எனக்குப் பாசம் பொங்கிவிட்டது. கேட்ட விலையைக் கொடுத்து இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அந்த வீட்டில் என் பேச்சுக்கு அடங்கி நடந்தவை செடிகள் மட்டும்தான். தண்ணீர் ஊற்றினால் தழைக்கும், மறந்தால் வாடும். கணக்கு நேராக இருக்கும். அவை எனக்கு வேண்டும். அதற்கு மேல் யாருக்கும் காரணம் சொல்ல நான் தயாராக இல்லை.

ஓவியா தவழத் தொடங்கியதும் வந்தது வினை. முதலில் சட்டி மண்ணைத் தின்றாள். அப்புறம் குரோட்டன்ஸ் இலையைக் கிழித்து, பாதியைத் தரையிலும் பாதியைக் கன்னத்துக்குள்ளும் வைத்திருந்தாள். சாயங்காலம் விஷயத்தைக் கேட்ட போர்மேன், வீட்டையே கம்பெனியாக்கிவிட்டார். கம்பெனியில் ஒரு ரூமுக்கு நாலு ஆளுக்கு மேல் இருக்கக் கூடாது. அதனால் இங்கேயும் ஒரு அறைக்கு நாலு செடிதான். ஷெட்டுக்கும் ஷெட்டுக்கும் இடைவெளி உண்டு. அதனால் செடிக்கும் பிள்ளைக்கும் நடுவில் சாக்பீஸால் தரையில் ஒரு கோடு. “இந்தக் கோட்டத் தாண்டக் கூடாது, என்னம்மா?” என்று மகளிடம் குனிந்து விளக்கமும் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு கோட்டின் மேலேயே உட்கார்ந்து அதை நக்கினாள்.

நான் மட்டும் சளைத்தவளா? மண்ணைத் தின்னாமல் இருக்க, வைப்பாற்றுக் கூழாங்கற்களைப் பொறுக்கிவந்து மேலே பரப்பினேன். அவள் மண்ணை விட்டுவிட்டுக் கூழாங்கல்லைச் சப்ப ஆரம்பித்தாள். வாய்க்குள் விரலை விட்டு எடுத்தபோது என் விரலையும் கடித்தாள். இலையெல்லாம் வேப்பெண்ணெய் தடவினேன். ஒரு நக்கு நக்கினாள், முகத்தை அஷ்டகோணலாக்கினாள், சந்தேகம் தீர இன்னொரு நக்கு நக்கினாள். பக்கத்து வீட்டு ராக்காயி அக்காவிடம் கோழி அடைக்கிற பஞ்சாரத்தை இரவல் வாங்கிச் செடிகளின் மேல் கவிழ்த்தேன். இரண்டாம் நாள் அடுப்படியிலிருந்து வந்து பார்த்தால், பஞ்சாரத்துக்குள் மூன்று செடிகளும் ஒரு பிள்ளையும் இருந்தன. எப்படி நுழைந்தாள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கூரையில் தொங்கவிடலாம் என்றால் வீட்டில் ஒரே ஒரு கொக்கிதான், அதில் தொட்டில் தொங்கியது. செடியைத் தொட்டிலிலும் பிள்ளையைச் சட்டியிலும் வைத்தால் என்ன என்று ஒரு நிமிடம் யோசித்ததை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

பஞ்சாரச் சம்பவத்தன்று அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“இங்க பாரு தங்கம். இன்னொரு தடவ ஒரு இல அவ வாய்க்குள்ள போச்சுன்னு கேள்விப்பட்டேன், அம்புட்டுச் செடியையும் வண்டியில ஏத்திக் கொண்டுபோயி எங்கயாச்சும் எறக்கிருவேன். அப்புறம் அழப்படாது.”

“ஏத்துவீக, ஏத்துவீக. என்னையும் சேத்து ஏத்துங்க.”

“வெளையாட்டுக்குச் சொல்லல.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எனக்கும் தெரிந்தது. அவர் கோபத்தில் கத்துகிற ஆள் இல்லை. மெதுவாகச் சொன்னால் அதைச் செய்துவிடுவார். அன்றைக்கே சட்டிகளை எல்லாம் அலமாரிக்கு மேலேயும் சுவரில் பதித்த கல்பலகைச் சிலாப்பிலும் ஏற்றினேன். புள்ளிச் செடியைச் சிலாப்பின் ஓரத்தில் வைத்துவிட்டு, ஓவியாவைக் கீழே நிறுத்தி அவள் கையைத் தூக்கி அளந்து பார்த்தேன். நாலு விரற்கடை எட்டவில்லை. நிம்மதியாக இருந்தது. செடியும் வளரும், பிள்ளையும் வளரும் என்பதை மறந்துவிட்டேன். இரண்டையும் வளர்த்தது நான்தான்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை நேரம். தீபாவளி சீசன் சூடுபிடித்திருந்தது, அவர் விடியுமுன்னே போய்விட்டார். நான் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே வீல் என்று ஒரு கத்தல். ஓடினேன். புள்ளிச் செடியின் அடியிலை ஒன்று கனம் தாங்காமல் சிலாப்பிலிருந்து கீழே தொங்கியிருக்கிறது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறியிருக்கிறாள் மகராசி. வாயில் பாதி இலை. எச்சில் கோடு கோடாக வழிய, உதடு என் கண்ணெதிரிலேயே வீங்கிக்கொண்டு வந்தது. வாயிலிருந்ததை விரலால் வழித்தெடுத்துக் கைக்குள் இறுக்கிக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ராக்காயி அக்கா வீட்டுக்கு ஓடினேன். தெருவில் அப்போது செல்போன் அவளிடம்தான் இருந்தது.

கம்பெனிக்குள் செல்போன் கூடாது. கேட்டில்தான் ஒரு போன். காவலாளி இருளாண்டி அண்ணன் எடுத்தார்.

“அண்ணே, போர்மேன் வீட்டுல பேசுறேன். அவுகள ஒடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்கண்ணே. பாப்பா பூச்சட்டிய இழுத்துக் கடிச்சிட்டா. வாயெல்லாம் வீங்கிருச்சு.”

அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார், “பூச்சட்டியவா? நம்ம பூச்சட்டியாம்மா?”

“ஆமாண்ணே, நம்ம பூச்சட்டிதான்! வேற யாரு பூச்சட்டிய வீட்டுக்குள்ள வைப்பேன்?” என்று சொல்லி போனை வைத்துவிட்டு ஆட்டோவில் ஏறினேன்.

நான் ஏற்றிவிட்ட நெருப்பு எப்படிப் போனது என்று பிறகுதான் தெரிந்தது. போர்மேன் வீட்டில் கம்பெனிப் பூச்சட்டி, பிள்ளை தின்றுவிட்டது என்று இருளாண்டி அண்ணன் ஆபீசில் போய்ச் சொல்லியிருக்கிறார். மேனேஜர் ஆஸ்பத்திரிக்கே போன் போட்டு, குழந்தை பூச்சட்டி மருந்தைத் தின்றுவிட்டது, தயாராக இருங்கள் என்று சொல்லியிருக்கிறார். நான் போய் இறங்கும்போது நர்ஸ் கையில் குழாயோடு வாசலிலேயே நின்றாள். என் பிள்ளைக்கு இவ்வளவு மரியாதையா என்று அந்தப் பதற்றத்திலும் ஆச்சரியமாக இருந்தது.

டாக்டர் அம்மா ஓவியாவின் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டே கேட்டார், “எவ்வளவு மருந்து உள்ள போயிருக்கும்?”

“மருந்தா? மருந்து போன வெள்ளிக்கெழம வச்சது டாக்டர். கொஞ்சூண்டுதான் வச்சேன்.” செடியில் பிடித்த மாவுப்பூச்சிக்கு நான் வைத்த வேப்பெண்ணெய்க் கரைசலைச் சொன்னேன்.

டாக்டர் நிமிர்ந்தார். “வீட்டுல மருந்து வச்சிருக்கீங்களா? குழந்தை இருக்கிற வீட்டுலயா?”

“எல்லா வீட்டுலயும் வைக்கிறதுதான டாக்டர்? வைக்காட்டி எல்லாம் பட்டுப்போகும்ல.”

“எல்லா வீட்டுலயுமா?” டாக்டரின் குரல் மேலே போனது. “எத்தனை பேர் செத்தாலும் உங்களுக்கெல்லாம் புத்தி வராதா?”

எனக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. மாவுப்பூச்சி செத்ததற்கு இந்த அம்மா ஏன் இப்படிக் குதிக்கிறார்? வாயைத் திறப்பதற்குள் வாசலில் பைக் சரிந்து விழுகிற சத்தம். ஓடிவந்தார் என் வீட்டுக்காரர். கம்பெனியில் இருந்தபடியே வந்திருந்தார். சீசன் நெருக்கடியில் அவரும் ஆட்களோடு சேர்ந்து மருந்து சலித்துக்கொண்டிருந்திருக்கிறார். தலையிலிருந்து கால்வரை அலுமினியப் பவுடர். முகத்தில் கண் இரண்டும்தான் கறுப்பு. யாரையும் பார்க்கவில்லை, எதையும் கேட்கவில்லை. மேசையிலிருந்து பிள்ளையை வாரி எடுத்து முகத்தோடு முகம் வைத்து அழுத்திக்கொண்டார். அவர் அழுததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

டாக்டர் பிள்ளையைப் பிடுங்கிப் பார்த்தார். ஓவியாவின் கன்னம், உதடு, நாக்கு நுனி எல்லாம் வெள்ளி மினுங்கியது.

“இதோ, வாய் பூராவும் பவுடர்! இன்னும் என்ன வேணும்? சிஸ்டர், குழாய்!”

“கம்பெனியில இருந்து நான் ஒண்ணும் கொண்டாரல டாக்டர்” என்றார் அவர். “ஏழு வருசமா ஒரு சிட்டிக மருந்து என்கூட வெளிய வந்ததில்ல. இப்ப வர்றப்ப கேட்டுல என் சோத்துச்சட்டியத் தெறந்து பாத்து அனுப்புறாக. இவதான் என்னமோ பூச்சட்டின்னு...” என்று என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் என் மரமண்டையில் உறைத்தது. உள்ளங்கை அதற்கு முன்பிருந்தே தீயாய் எரிந்துகொண்டிருந்தது. இறுக்கிப் பிடித்திருந்த கையை டாக்டரின் முகத்துக்கு நேராக விரித்தேன். மென்ற இலை, எச்சில், சிவந்து தடித்த உள்ளங்கை.

“இதுதான் டாக்டர் பூச்சட்டி! செடி! செடி வச்ச மண்சட்டி! மருந்து வச்சது பூச்சிக்கு, வேப்பெண்ணெய்! வெடி இல்ல, வெடி இல்ல!”

டாக்டர் இலையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். நர்ஸ் குழாயை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எங்களுக்கு முன்னால் சிரிக்கக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இந்தச் செடி எனக்குத் தெரியும். கடிச்சா வாய் எரியும், வீங்கும். மூச்சு விடுறதுல பிரச்சினை இல்லாததால பயமில்லை. ரெண்டு மணி நேரம் இங்கயே இருங்க” என்றார்.

வாயைத் துடைத்துவிட்டு, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி உதட்டில் வைத்தார்கள். குளிர்ந்த பால் கொடுத்தார்கள். ஓவியா வீங்கின உதட்டோடு பாலைக் குடித்துவிட்டு நர்ஸின் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கேட்டு அழ ஆரம்பித்தாள். அதைப் பார்த்ததும்தான் எனக்கு உயிர் வந்தது. கூடவே இன்னொரு நினைப்பும் வந்தது. இனிமேல் செடி கிடையாது. அவர் வண்டி பிடிப்பார். என்னால் வாயைத் திறக்க முடியாது.

டாக்டர் பிள்ளையின் கன்னத்தை ஈரப்பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார். மூன்று பஞ்சு சாம்பல் நிறமானது. அதைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரரிடம் கேட்டார், “தினமும் இப்படியே வந்துதான் பிள்ளையைத் தூக்குவீங்களா?”

“இல்ல டாக்டர். கம்பெனியிலயே குளிச்சு, உடுப்பு மாத்திட்டுத்தான் வருவேன். இன்னிக்கு அவசரம்.” இதைச் சொல்லும்போது பழைய போர்மேன் நிமிர்வு திரும்ப வந்திருந்தது.

“போய் நல்லா சோப்புப் போட்டுக் குளிச்சிட்டு வாங்க. அங்க பின்னாடி குழாய் இருக்கு.”

அவர் குளித்துவிட்டு, பின்னாலேயே வந்த ராக்காயி அக்கா என் கொடியிலிருந்து எடுத்துவந்த ஈர வேட்டி சட்டையோடு வந்து நின்றார். பளிச்சென்று இருந்தார். டாக்டர் புதுப் பஞ்சு ஒன்றை எடுத்து அவர் காது மடலுக்குப் பின்னால் துடைத்தார். இன்னொன்றால் நகக்கண்ணைத் துடைத்தார். இரண்டையும் வெள்ளைத் தட்டில் வைத்தார். இரண்டிலும் வெள்ளி.

“இலையால வந்தது சாயங்காலத்துக்குள்ள சரியாயிரும்” என்றார் டாக்டர். “இது தினமும் உங்ககூட வீட்டுக்கு வந்துக்கிட்டிருக்கு. இதுல என்னென்ன கலந்திருக்குன்னு எனக்குச் சொல்ல வேண்டியதில்ல, உங்களுக்கே தெரியும்.”

ஒரு சிட்டிகை மருந்துகூட வெளியே வந்ததில்லை என்று சொன்ன மனிதர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓவியாவுக்கு அவர் விரலைச் சப்பித்தான் தூக்கம் வரும். ராத்திரி ராத்திரி நான்தான் அவர் பக்கத்தில் கொண்டுபோய்ப் போடுவேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் புள்ளிச் செடியைத் தூக்கி ராக்காயி அக்காவிடம் கொடுத்தேன். அவளுடைய மகன்கள் இரண்டு பேருக்கும் கல்யாண வயது. கடித்தால் கடிக்கட்டும். மற்றச் செடிகளுக்காகச் சண்டை போடுவது என்று முடிவுசெய்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். அங்கேதான் அவர் தண்ணீர்த் தொட்டியருகே உட்கார்ந்திருந்தார்.

“என்னங்க, வண்டிக்குச் சொல்லிட்டீகளா?” என்றேன், குரலில் மிளகாயைத் தடவிக்கொண்டு.

அவர் திரும்பவில்லை. துணி துவைக்கிற பிரஷை வைத்துக் கை நகங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சோப்பு, சாம்பல், பித்தளைக்கு வைத்திருந்த புளி. ஆள்காட்டி விரலில் ரத்தம் கசிந்திருந்தது.

“என்ன வண்டி?” என்றார். பிறகு கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “போகமாட்டேங்குது தங்கம்” என்றார்.

செருகின முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நகவெட்டியைக் கொண்டுவந்து அவர் எதிரில் உட்கார்ந்து, சதை தெரிய ஒவ்வொரு நகமாக ஒட்ட வெட்டினேன். புளியை வைத்து நான் தேய்த்தேன். வெயில் பட்ட இடத்தில், ரேகைக்குள்ளே, மயிரிழை மாதிரி அது இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது. ஏழு வருடம். கையை எங்கே கழற்றி வைப்பது?

கதவைச் சாத்த மறந்திருக்கிறேன். ஓவியா தத்தித் தத்தி வந்துவிட்டாள், அப்பாவைப் பார்த்த சந்தோஷத்தில் வீங்கின உதட்டால் இளித்துக்கொண்டு. நேராகப் போய் அவர் முழங்காலைப் பிடித்து ஏறி விரலுக்குத் தாவினாள். அவர் சட்டென்று எழுந்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டார்.

“தூக்குங்க. குளிச்சிட்டீகள்ல” என்றேன்.

“இரு. இன்னொரு தடவ தேச்சுட்டு வாரேன்.”

ஓவியா அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நின்று எட்டினாள். எட்டவில்லை. அண்ணாந்து பார்த்து, கெக்கே என்று சிரித்துவிட்டு, வாளியைத் தேடி உருட்டிக்கொண்டு வரப் போனாள். அவர் கைகளைத் தூக்கியபடியே நின்றார்.